கற்றலில் முந்துவோரும் பிந்துவோரும்

ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியரிடம், ஒரே பாடத்தைக் கேட்கும் நாற்பது மாணாக்கரும் ஒருபடித்தாகக் கற்பதில்லை. ஒருவன் யாம் சொல்லி முடிக்குமுன் செய்துகாட்டுவான். ஒருவன் மும்முறை கேட்டபின் செய்வான். வேறொருவன் பலநாள் தடுமாறி, யாம் அவனை மறந்திருக்கும் வேளையிலே வந்து எல்லாரினும் செவ்வையாகச் செய்வான். ஆசிரியத் தொழிலிற் காலங்கழித்தார் யாவரும் இதனை அறிவர். அறிந்திருந்தும், இவ்வேறுபாடு எங்கிருந்து எழுகின்றது, எத்துணைக் காலம் நிற்கின்றது என்பவற்றை ஆராயாமலே மாணாக்கரை மதிப்பிட்டுவிடுகின்றோம். விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, யாம் முன்னொருகாற் செய்த அத்தகைய மதிப்பீடொன்றே எமது நினைவுக்கு வந்தது. அதனைச் சொல்லியே தொடங்குகின்றோம்.

பல்லாண்டுகளுக்கு முன்னர்ப் பாடசாலையொன்றில் வணிகப் பிரிவு மாணாக்கருக்குத் தட்டெழுத்துப் பயிற்றும் பொறுப்பு எம்மிடம் இருந்தது. பொறிகள் ஆறே, கற்க விரும்பினோர் இருபதின்மருக்கு மேற்பட்டோர். இரண்டு வாரம் கழிந்தபின் ஒரு சோதனை வைத்துப் பன்னிருவரை நிறுத்திக்கொண்டு ஏனையோரை விலக்கினோம். விலக்கப்பட்டாருள் ஒருவன் மாத்தளை மாவட்டத்து இறப்பர்த் தோட்டமொன்றிலிருந்து நாள்தோறும் நடந்து வருபவன். எந்த எழுத்து எந்த விசையில் உள்ளதென்பது அவன் மனத்திற் பதியவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் தேடித் தேடி அடித்தான். அவனுக்கு இக்கலை வாராதென யாம் துணிந்தோம்.

சில ஆண்டுகள் சென்றபின் ஒருநாட் காலையில் அத்தோட்டத்து வழியே செல்ல நேர்ந்தது. அவன் மரத்திற் பால் வெட்டிக்கொண்டிருந்தான். இறப்பர் மரத்திற் பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டையின் உட்புறத்தே, மரம் வளர்கின்ற மென்படையை அடுத்து உள்ளன. கத்தி மேலோடிற் பால் குறையும். ஆழ்ந்திடின் மரம் புண்பட்டு, மீண்டும் வளரும் பட்டை முடிச்சு முடிச்சாகும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவு ஒரு நூலிழையே. அவன் கத்தி, சரிந்த பழைய வெட்டின்மேல் ஒரே ஓட்டமாய் ஓடி, மெல்லிய சீவலை எடுத்துவிட்டு அடுத்த மரத்துக்குச் சென்றது. வெயில் ஏறுமுன் முந்நூறு மரம் அளவில் முடிக்கவேண்டும் என்றான். எம்மை அடையாளங்கண்டு வணங்கியபின், சிரித்தபடியே ஒன்று கேட்டான்: "சேர், இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தீங்கன்னா நானும் அடிச்சிருப்பேனா?"

அன்று எம்மால் விடைகூற இயலவில்லை. அவ்வினாவுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

நன்னூலார் கண்ட மாணாக்கர்

கற்பார்க்கிடையே உள்ள வேற்றுமையை நம் முன்னோர் ஆராயாது விட்டாரல்லர். பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த பவணந்தி முனிவர், தம் நன்னூலின் பாயிரத்திலே மாணாக்கரை முதல், இடை, கடை என மூவகைப்படுத்தி ஒவ்வொரு வகைக்கும் உவமை கூறினார். நீரை விலக்கிப் பாலைக் கொள்ளும் அன்னமும், வயிறார மேய்ந்தபின் ஓரிடத்திருந்து அசைபோடும் பசுவும் முதன் மாணாக்கர். உழவன் செய்த முயற்சியளவே விளைவு தரும் நிலமும், சொல்லிக்கொடுத்ததை மாத்திரம் சொல்லும் கிளியும் இடைமாணாக்கர். வார்த்ததெல்லாம் ஒழுகும் ஓட்டைக் குடம், செடிக்குச் செடி தாவி நுனி கடிக்கும் ஆடு, குளத்தைக் கலக்கி அருந்தும் எருமை, நெய்யை விட்டுக் கசடைப் பற்றும் நெய்யரி ஆகியவை கடைமாணாக்கர்.

இவ்வுவமைகளை ஆசிரியர் பலரும் ஆட்களைக் குறிக்கும் பெயர்களாகவே கையாளுகின்றனர். எமது கருத்து வேறு. இங்கே கூறப்பட்டன மனத்தின் தனித்தனித் தொழில்கள் என்று கொள்ளலும் தகும். அன்னத்தின் தொழில் வேண்டியதைத் தெரிந்தெடுத்தல். பசுவின் தொழில் மீள நினைத்தல். ஓட்டைக் குடத்தின் குறை நினைவிற் கொள்ளாமை. ஆட்டின் குறை கவனம் நிலையாமை. ஒரே மாணாக்கன் கணிதத்தில் ஓட்டைக் குடமாயும் மிருதங்கத்திற் பசுவாயும் இருத்தல் கூடும். ஒரே கலையில் முதல் மாதம் ஆடாயிருந்து மூன்றாம் மாதம் அன்னமாதலும் உண்டு. இக்காலத்து உளநூலாரின் ஆராய்ச்சி இக்கருத்துக்குப் பெரிதும் அரண் செய்கின்றது.

அளக்கத் தொடங்கியோர்

மனத்தின் ஆற்றலை எண்ணால் அளக்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுப்பெற்றது. 1904இல் இங்கிலாந்தினரான சாள்ஸ் ஸ்பியர்மன், ஒரு பாடத்திற் சிறந்தோர் பிற பாடங்களிலும் ஓரளவு சிறந்திருத்தலைக் கணக்கிட்டுக் காட்டி, யாவற்றுக்கும் அடியிலே பொது விவேகம் ஒன்று உண்டென்றார். 1905இல் பிரான்சு நாட்டு அல்பிரெட் பினே, சைமன் என்பாருடன் சேர்ந்து முதலாவது நுண்மதிச் சோதனையை அமைத்தார்.

பினேயின் நோக்கத்தை நாம் மறத்தலாகாது. வகுப்பிற் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டு அவர்க்குத் தனியுதவி செய்தற்பொருட்டே அவர் அளவுகோல் செய்தார். ஒருவனுடைய விவேகம் கூட்டவும் குறைக்கவும் ஒண்ணாத நிலையான பொருள் என்று கருதுதலை அவர் வன்மையாக மறுத்தார். உதவி செய்வதற்கு எழுந்த அளவுகோலைப் பிற்காலத்தார் விலக்குவதற்குப் பயன்படுத்தினர். யாம் வைத்த தட்டெழுத்துச் சோதனையும் அவ்வாறு விலக்குவதற்கு எழுந்ததே.

திறன் வளரும் மூன்று படிகள்

கையாலும் கண்ணாலும் செய்யும் எத்திறனும் மூன்று படிகளில் வளர்கின்றதென அமெரிக்க உளநூலார் போல் பிற்சும் மைக்கேல் போஸ்னரும் 1967இல் வெளியான தம் நூலில் விளக்கினர். முதலாவது அறிநிலை. என் செய்யவேண்டுமென்பதைக் கேட்டும் கண்டும் மனத்திற் கொண்டு, ஒவ்வோர் அசைவையும் எண்ணியெண்ணிச் செய்யும் காலம் அது. இரண்டாவது இணைநிலை. தனித்தனி அசைவுகள் ஒன்றோடொன்று கோவைப்படும், பிழை குறையும். மூன்றாவது தன்னியக்க நிலை. எண்ணாமலே கை செய்யும்; செய்துகொண்டே பிறரோடு உரையாடவும் இயலும். சைக்கிள் ஓடப் பழகிய எவரும் இம்மூன்று படிகளையும் கடந்தவரே.

இதனின் மேலும் ஒருபடி சென்றவர் பிலிப் அக்கர்மன். ஒவ்வொரு படியிலும் மாணாக்கரை வேறுபடுத்தும் ஆற்றல் ஒன்றேயன்று என்பதை அவர் 1988இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் எடுத்துக்காட்டினார். அறிநிலையில் முன்னிற்பது பொது விவேகம். கட்டளைகளைப் புரிந்து, பலவற்றை ஒருங்கே மனத்தில் வைத்துக்கொள்ளவல்லான் முந்துவான். இணைநிலையில் முன்னிற்பது கண்டவுடன் துணியும் விரைவு. தன்னியக்க நிலையில் விவேகத்தின் செல்வாக்குத் தளர, கையின் நுண்மையும் விரைவுமே சிறப்படைகின்றன. ஆதலின் முதல் வாரத்தில் முந்தியோன் மூன்றாம் மாதத்திலும் முந்துவான் என்பதற்கு உறுதியில்லை. இரு வேளைகளிலும் நாம் அளப்பவை வெவ்வேறு ஆற்றல்கள்.

யாம் செய்த பிழை இப்பொழுது விளங்கும். இரண்டு வாரத்து முடிவில் எழுத்துக்களின் இடத்தை நினைவிற் கொண்டோர் எவர் என்று பார்த்தோம். அது அறிநிலைச் சோதனை. தட்டெழுத்தாளன் வாழ்நாளெல்லாம் செய்யும் தொழிலோ தன்னியக்க நிலைத் தொழில். நூலிழை அளவைக் கையாலறிந்து கத்தி ஓட்டவல்ல ஒருவனது விரலை அளக்காமல், விசைப் பலகையின் படத்தை அவன் எத்துணை விரைவில் மனப்பாடஞ் செய்தான் என்பதையே அளந்தோம்.

ஈண்டு ஒரு வரையறை கூறல் வேண்டும். தட்டெழுத்துப்போல ஒரே குறிக்கு ஒரே செயல் என்றும் மாறாது நிற்கும் தொழில்களிலேதான் பயிற்சி மிக மிக விவேகத்தின் பங்கு குறைகின்றது. நாள்தோறும் புதுப்புதுச் சிக்கல் எழும் தொழில்களில் அது குறைவதில்லை. கேத்திரகணிதத்திற் புதியதொரு தேற்றத்தை நிறுவுவோனும், புதிய நோய்க்குறிகளை ஆராயும் வைத்தியனும் ஒவ்வொரு நாளும் அறிநிலையிலே ஒரு காலை வைத்திருப்பவர். எனவே பயிற்சி யாவரையும் ஒரு நிரையாக்கும் என்று யாம் கூறவில்லை. எத்தொழிலுக்கு எவ்வாற்றல், எப்படியில் வேண்டும் என்று பிரித்துணர வேண்டுமென்றே கூறுகின்றோம்.

மனத்தின் சிறு பலகை

அறிநிலையிலே சிலர் ஏன் இடர்ப்படுகின்றனர்? மனத்தில் ஒரே வேளையில் வைத்துக் கையாளத்தக்க பொருள்கள் மிகச் சிலவே என்பது இதற்குக் காரணம். 1956இல் ஜோர்ஜ் மில்லர் அவ்வெண்ணிக்கை ஏழையொட்டியது என்றார். 1974இல் அலன் பட்லியும் கிரஹம் ஹிச்சும் இவ்வாற்றலைத் தொழிற்படு நினைவு என வகுத்து விளக்கினர். 2001இல் நெல்சன் கோவன் உண்மையான அளவு நான்கை ஒட்டியதே என்று வாதித்தார். சிறு பிள்ளை கொண்டுவரும் கற்பலகையைப் போன்றது இந்நினைவு. சிலர் பலகை சற்றுப் பெரிது. சிலர் பலகை சற்றுச் சிறிது. பெரும்பலகை உடையோருக்கும் அது விரைவில் நிரம்பிவிடும்.

அங்ஙனமாயின் அவதானக் கலைஞர் எவ்வாறு நூறு பொருளை ஒருங்கே கொண்டனர்? திரு. வி. க.வின் ஆசிரியராய் விளங்கிய, யாழ்ப்பாணத்து மேலைப்புலோலிச் சதாவதானி நா. கதிரைவேற்பிள்ளையை (1871-1907) நம்மவர் இன்றும் போற்றுகின்றனர். இத்தகையோரின் நினைவைப் பிறவிப் பெருமை என்றே பலரும் எண்ணுவர். 1980இல் எரிக்சன், சேஸ், பலூன் என்னும் மூவர் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி இதற்கு விளக்கம் தருகின்றது. சாதாரண நினைவாற்றல் உடைய ஒரு கல்லூரி மாணவர், கேட்ட எண்களைத் திருப்பிச் சொல்லும் பயிற்சியை 20 மாத காலத்தில் ஏறக்குறைய 230 மணி நேரம் செய்தார். தொடக்கத்தில் 7 எண்களைச் சொன்னவர் முடிவில் 79 எண்களைச் சொன்னார். அவர் ஓட்டப் பந்தய வீரர் ஆதலின், கேட்ட எண்களை ஓட்ட நேரங்களாகத் தொகுத்துத் தொகுத்து நினைவிற் கொண்டார். எண்களுக்குப் பதிலாக எழுத்துக்களைக் கொடுத்தபொழுதோ அவர் நினைவு மீண்டும் ஆறளவிலே நின்றது. அவரது பலகை பெரிதாகவில்லை. அதில் எழுதும் முறையே சிறந்தது. முன்னரே நன்கறிந்த பொருளோடு புதியதைப் பிணைத்தல் அம்முறையின் உயிர்.

நம் மாவட்டத்திலேயே இதற்குப் பழைய சான்றொன்று உண்டு. மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ளை செல்லும் வீதியோரத்தில் உள்ளது அளுவிகாரை. வாய்மொழியாய் வழங்கிய திரிபிடகம் கி. மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தே இவ்விடத்தில் ஏட்டில் எழுதப்பட்டதென்பது மரபு. அதற்கு முன்னர்ப் பல தலைமுறைகளாக அதனைக் காத்தவர் ஓதும் பிக்குகள். தீக நிகாயம் ஓதுவார், மச்சிம நிகாயம் ஓதுவார் எனப் பகுதி பகுதியாய்ப் பகிர்ந்துகொண்டனர், கூடியிருந்து ஓதினர், சொற்றொடர்கள் மீண்டும் மீண்டும் வருமாறு யாத்திருந்தனர். பெரும்பொருளைச் சிறு பகுதிகளாக்கி, ஒழுங்கான பயிற்சியினால் சிறு பலகைகளில் அடக்கியமையே அவர் வெற்றியாம்.

பயிற்சியின் பங்கு எவ்வளவு?

திறன் யாவும் பயிற்சியின் பயனே என்று சொல்வாரும் உளர். பிறவியின் பயனே என்று சொல்வாரும் உளர். இரண்டும் மிகைக்கூற்று. பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2014இல் மக்னமாராவும் அவரோடு சேர்ந்தோரும் கணக்கிட்டனர். ஆட்களுக்கிடையே காணப்படும் திறன் வேறுபாட்டில், முறையான பயிற்சியால் விளங்கும் பங்கு சதுரங்கம் முதலிய ஆட்டங்களில் நூற்றுக்கு 26, இசையில் 21, விளையாட்டுக்களில் 18, கல்வியில் 4. பயிற்சி பெரிது, ஆயினும் அதுவே முழுமையன்று. எஞ்சிய பங்கில் விவேகமும், தொழிற்படு நினைவும், தொடங்கிய வயதும், கற்பித்த முறையும், வீட்டு நிலையும் அடங்கும்.

பயிற்சியின் வழி எப்பொழுதும் சமமாக ஏறுவதும் அன்று. தந்தி கற்போரை ஆராய்ந்து 1897இலும் 1899இலும் எழுதிய பிரயன், ஹாட்டர் என்போர், கற்பவரது முன்னேற்றம் சிலபொழுது மேட்டுநிலம்போல் ஏறாது நிற்றலைக் கண்டனர். தனி எழுத்தாகக் கேட்ட ஒலியைச் சொல்லாகக் கேட்கத் தொடங்கியதும் மீண்டும் ஏற்றம் உண்டாயிற்று. இம்மேட்டுநிலம் எல்லார்க்கும் தோன்றுவதன்று எனப் பின்வந்தோர் காட்டினராயினும், தேக்கத்தையே முடிவெனக் கொள்ளலாகாது என்பது ஆசிரியர்க்கு நல்ல பாடம்.

ஆசிரியர் செய்யத்தக்கன

1963இல் ஜோன் கரோல் என்னும் கல்வியறிஞர் ஒரு புதிய கருத்தை வெளியிட்டார். ஒருவன் ஒன்றைக் கற்க வல்லனா, அல்லனா என்று கேளாது, அதனைக் கற்க அவனுக்கு எத்துணைக் காலம் வேண்டும் என்று கேட்கவேண்டுமென்றார். இவ்வினா மாற்றம் சிறிதாகத் தோன்றினும் பயனிற் பெரிது. முன்னைய வினா மாணாக்கனைப் பற்றியது. பின்னைய வினா எமது நேரசூசியைப் பற்றியது.

காலத்தோடு முறையும் வேண்டும். கிரொன்பாக், சினோ என்னும் இருவர் 1977இல் வெளியிட்ட பெருநூலில், ஒரு முறை எல்லார்க்கும் ஒத்துவராது எனக் காட்டினர். விவேகத்திற் பிந்தியோர்க்குப் படிப்படியாக வகுத்த பாடமும், செய்துகாட்டிய மாதிரிக் கணக்குகளும் மிகுந்த உதவி செய்யும். முந்தியோர்க்கு ஓரளவு சுதந்திரமே நன்று. ஒரு மாணாக்கன் வளர வளர, முன்பு உதவிய அதே விரிவான விளக்கம் அவனுக்குத் தடையாதலும் உண்டென 2003இல் கலியூகாவும் சுவெல்லர் முதலியோரும் காட்டினர். ஊன்றுகோலை எப்பொழுது கொடுப்பது என்பதோடு எப்பொழுது வாங்குவது என்பதையும் ஆசிரியர் அறிதல் வேண்டும்.

மற்றொன்று அச்சுறுத்தலைப் பற்றியது. 1989இல் கான்பரும் அக்கர்மனும் அமெரிக்க வான்படைப் பயிற்சியாளரிடத்தே செய்த ஆராய்ச்சியில், கற்கத் தொடங்கிய வேளையிலேயே இத்தனை புள்ளி எடுக்கவேண்டுமென இலக்கு வைத்தமை கற்றலைக் கெடுத்தது. ஓரளவு பழகியபின் வைத்த அதே இலக்கு நன்மை செய்தது. தொடக்கத்தில் மனத்தின் சிறு பலகை முழுதும் பாடத்துக்கே வேண்டியிருக்கின்றது. அதில் ஒரு மூலையைப் புள்ளிக் கவலை பற்றிக்கொண்டால் பாடத்துக்கு இடம் ஏது?

இதனைத் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையோடு சேர்த்துச் சிந்திக்குமாறு பெற்றோரை வேண்டுகின்றோம். கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த 1940களில், ஏழைப் பிள்ளைகள் மத்திய பாடசாலைகளை அடைதற்கு வழியாக எழுந்த ஏற்பாட்டின் வழிவந்தது இப்பரீட்சை. அதனால் உயர்ந்தோர் பலர். அந்நன்மையை யாம் மறுக்கவில்லை. ஆயினும் பத்து வயதுப் பிள்ளை ஒரு நாளிற் காட்டும் விரைவு, அவ்வயதில் அவன் நிற்கும் படியைக் காட்டுமேயன்றி அவன் ஏறவல்ல உயரத்தைக் காட்டாது. நம் மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்ததே 1970களிலேதான். படித்த தாய் தந்தையர் அருகிருந்து சொல்லிக்கொடுக்கும் பிள்ளையும், விடியுமுன் பெற்றோர் மலைக்குச் சென்றுவிட்ட லயத்து அறையில் தனியே படிக்கும் பிள்ளையும் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுகின்றனர். சித்தியெய்தாத பிள்ளையின் நெற்றியில் நாம் ஏதும் எழுதிவிடலாகாது.

முடிவுரை

நன்னூலார் மாணாக்கரை வகைப்படுத்தியதோடு நின்றாரல்லர். இருமுறை கேட்டாற் பிழை நீங்கும். மும்முறை கேட்டாற் பிறர்க்குச் சொல்லும் வகை தெரியும் என்று காலமும் பயிற்சியும் வேண்டுதலைக் கூறினார். ஆசிரியரிடம் கேட்பதனால் வருவது புலமையின் காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுவதனால் ஒரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதனால் வரும் என்றும் கணக்கிட்டார்.

பழைய மாணவர்களாகிய நம்முள் அன்னம் என்று பெயர் பெற்றோரும் உளர். ஓட்டைக் குடம் என்று ஏச்சுக் கேட்டோரும் உளர். பின்வாங்கில் இருந்தோர் பலர் இன்று நகரிலே நல்ல தொழில் வல்லாராய் விளங்குகின்றனர். கல்லூரிக்கு விளக்கும் மேசையும் வாங்கிக்கொடுத்தல் நல்லதே. அதனோடு வாரத்தில் ஒரு மாலை வந்து, பிந்திய பிள்ளைகள் நால்வரோடு அமர்ந்து மூன்றாம் முறையாகச் சொல்லிக்கொடுப்போமாயின், அப்பிள்ளைகளுக்கு வேண்டிய காலம் கிட்டும். நன்னூலார் சொன்ன அரைப்பங்கு நமக்கும் கிட்டும்.

அத்தோட்டத்து இளைஞனுக்கு யாம் கடன்பட்ட விடை ஒன்று உண்டு. "இன்னும் ஒரு மாசம்" என்று கேட்டான். மூன்று மாதம் விட்டிருந்தால் அவன் மற்றவர்க்கு இணையாக அடித்திருப்பான் என்றே இன்று நம்புகின்றோம். உறுதியாகக் கூறும் உரிமையை யாமே இழந்துவிட்டோம், விட்டுப் பாராமையால். இப்பொழுது எம்மிடம் வரும் எந்தப் பிள்ளையையும் இரண்டு வாரத்தில் அளப்பதில்லை.